மருத்துவ அட்டைக்கு எடுத்த படம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேனா பிடித்ததைவிடத் தோல் வெட்டும் கத்தியைப் பிடித்த காலம்தான் இந்தக் கைக்கு அதிகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாறுகிறேன். நான் எழுதிப் பழகிய இடத்தில் இது ஒரு குறையாக இருந்ததில்லை. அங்கே மாலையில் நான் விட்ட பிழையை, மறுநாள் பார்த்தால் முகம் தெரியாத யாரோ ஒருவர் வந்து சத்தமில்லாமல் திருத்தி வைத்திருப்பார். இந்தத் தாளில் அப்படி யாரும் வர முடியாது. எழுதினது எழுதினபடி நிற்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த இடம் இணையத்தில் இருக்கும் தமிழ்க் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், அதற்கு பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பாய்தான் காரணம். என் தங்கை மகளுக்கு நர்சிங் ரிசல்ட் பார்க்கப் போயிருந்தேன். ரிசல்ட் வருவதற்குள் பாய் தமிழில் ஆம்பூர் என்று தட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"பாருணே. நம்ம ஊரப் பத்தி பிரியாணி பிரியாணின்னு எழுதி வச்சிருக்கான். தோலுன்னு ஒரு வார்த்த இருக்குதா பாரு."

இல்லை. ஊரையே தாங்கிக்கொண்டிருக்கும் தொழில் அந்தப் பக்கத்தில் இல்லை.

"நீதான இத்தன வருசமா வெட்ற. நீ எழுது."

"எனக்கு இன்னா எழுதத் தெரியும் பாய்?"

"தெரிஞ்சவன் எழுதல இல்ல? அப்ப நீதான்."

அன்றைக்கு நான் எழுதியது மூன்றே வரி. அதை எழுதி முடிக்க எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அந்த இடம் எனக்குப் பொருந்திப்போனது. நான் நாலு பேர் நடுவில் பேசத் தெரியாதவன். கம்பெனி பஸ்ஸில் மாதனூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வருகிறவன். அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பேசுவதற்கு முன்னால் வேண்டிய அளவுக்கு யோசித்துக்கொள்ளலாம்.

கொஞ்ச நாளில் படங்கள் பக்கம் போனேன். அதில் எழுத்து கம்மி, பார்ப்பது ஜாஸ்தி. யாராவது ஒரு படம் ஏற்றினால் அது யார் எடுத்தது, நமக்கு வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். விதி இதுதான். எடுத்தவரே 'யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதிக் கொடுத்த படமாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். அடுத்தவருடைய படமாக இருந்தால் வைக்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அதற்கு நியாயமான பயன்பாடு என்று பெயர். வேறு படம் கிடைக்கவே வழியில்லை என்றால் மட்டும், சின்ன அளவில், சம்பந்தப்பட்ட ஒரே பக்கத்தில், இது இன்னாருடையது என்று சொல்லி வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் 'சின்ன அளவு' எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் தொழிலில் தோலின் நிறத்தைக் காட்ட ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்கள். நிறம் தெரியும். ஆனால் அந்தத் துண்டை வைத்து ஒரு செருப்புக்குப் பட்டைகூடப் போட முடியாது. அவ்வளவுதான் எடுக்கலாம். 'வேறு வழியே இல்லை என்றால்' என்பது பிடிபடத்தான் நாளானது. அமிர்தி அருவிக்கு ஒருவர் அருமையான படம் போட்டிருந்தார். ஏதோ சுற்றுலா நிறுவனத்தின் படம். சின்னதாக்கி வைத்துவிடலாம் என்று நான் எழுதினேன். கனடாவில் இருக்கும் ஒரு நிர்வாகி, யாழ்ப்பாணத்துக்காரர், உரையாடல் பக்கத்தில் பதில் எழுதினார்: "அருவி இன்னமும் அங்கேதானே இருக்குது? யாராவது போய்ப் படம் எடுக்கலாம். எடுக்கக்கூடியதை அடுத்தவரிடம் இருந்து எடுக்கக் கூடாது."

நியாயமாகப் பட்டது. பாயிடம் சின்ன கேமரா வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்குப் பஸ் ஏறினேன். அது கோடை. நான் எடுத்த படத்தில் பாறைதான் இருந்தது. அருவி என்று கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் தெரியும். "இன்னாணே, தண்ணிய ஊட்டுக்கு எடுத்துனு வந்துட்டியா?" என்று பாய் சிரித்தார். ஆனாலும் அந்தப் படம்தான் அங்கே இருக்கிறது. நல்ல படத்தை நீக்கச் சொல்லி நான்தான் எழுதினேன்.

இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஒரு டீச்சரைப் பற்றிப் புதிதாக ஒரு பக்கம் வந்தது. வேலூரில் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தொண்ணூறுகளின் கடைசியில் இறந்துபோனவர். கிறிஸ்தவ சபைக்குப் பாட்டுகள் எழுதியவர். அவர் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பாட்டுகளில் ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு அடுத்து சர்ச். நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள் என்றாலும், டிசம்பர் மாதம் முழுக்க அந்தப் பாட்டு ஸ்பீக்கரில் வந்து என் வாயில் ஒட்டிக்கொள்ளும். வெட்டும்போது முணுமுணுப்பேன். அதை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று நினைத்ததே இல்லை. இப்போது விற்கிற பாட்டுப் புத்தகங்களில் 'இயற்றியவர் தெரியவில்லை' என்றுதான் போடுகிறார்களாம். ஒரு பழைய பதிப்பில் மட்டும் டீச்சரின் பெயர் இருந்தது. அதை ஆதாரமாகக் காட்டித்தான் பக்கத்தைத் தொடங்கியிருந்தார், அவருடைய மகன்.

பக்கத்தின் தலைமாட்டில் டீச்சரின் படம். பெரிய அளவு. வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி, வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரிப்பில் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. படத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. கீழே மகன் எழுதியிருந்தார்: 'சொந்தப் படம். யாரும் பயன்படுத்தலாம்.'

ஆனால் படத்தின் மூலையில், வேலூர் ஸ்டூடியோ ஒன்றின் அழுத்து முத்திரை அட்டையில் பதிந்திருந்தது தெரிந்தது.

நான் அறிவிப்பு வைத்தேன். எடுத்தவர் ஸ்டூடியோக்காரர் போலத் தெரிகிறது, டீச்சர் இப்போது இல்லை, புதிதாக எடுக்க வழியில்லை, ஆகவே சின்னதாக்கி நியாயமான பயன்பாடு என்று வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். மகன் அதை அழித்துவிட்டு மறுபடி 'சொந்தப் படம்' என்று போட்டார். நான் திருப்பிப் போட்டேன். அவர் திருப்பி அழித்தார். 'என் தாயார் அடுத்தவன் சொத்து அல்ல' என்று எழுதினார். கனடா நிர்வாகி நடுவில் வந்து, ஒரு வாரத்தில் தீராவிட்டால் படத்தை நீக்க வேண்டியிருக்கும் என்று எழுதிவிட்டார்.

நீக்கியிருந்தால் விதிப்படி சரி. எனக்கு மனம் ஒப்பவில்லை. பாட்டுக்குப் பெயர் போய்விட்டது, முகமும் போக வேண்டுமா? சபைகளில் அச்சடிக்கும் பாட்டுத் தாளில் அம்மாவின் பெயரும் முகமும் வர வேண்டும், அதற்காகத்தான் பெரிதாகப் போட்டேன் என்று மகன் எழுதியிருந்தார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எழுதி எழுதிச் சண்டை வளர்வதைவிட நேரில் போய்விடுவது என்று முடிவு செய்தேன். முன்பின் தெரியாத ஒருவரைத் தேடி நானாகப் போவது அதுதான் முதல் தடவை. 'வருகிறேன்' என்று எழுதினேன். 'வா, பார்க்கலாம்' என்று பதில் வந்தது.

அவர் ஜோலார்பேட்டையில் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருக்கும். மூட்டைகளுக்கு நடுவில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது? நோட்டீஸ் ஒட்றவரு?"

"நான்தான்ணா."

"சட்டம் சட்டமா எழுதறியே, யாரோ வக்கீலுன்னு நெனச்சேன். இன்னா வேல?"

"ஆம்பூர்ல ஷூ கம்பெனி. கட்டிங்."

"அட. எங்க நைனா பேர்ணாம்பட்டு டேனரிலதான் கடைசி வரைக்கும் இருந்தாரு. உக்காரு, டீ சொல்றேன்."

டீ வந்தது. ஒரு வாய் குடிப்பதற்குள் கேட்டார்.

"ஜாப் ஒர்க்னா தெரியும்ல?"

"தெரியும்ணா."

"சொல்லு பாக்கலாம்."

"பார்ட்டி தோலக் கொண்டாந்து போடுவாங்க. டேனரில பதம் பண்ணிக் குடுத்துட்டு கூலி வாங்கிப்பாங்க."

"தோல் யாருது?"

"பார்ட்டிது."

"பதம் பண்ணி, சாயம் போட்டு, பளபளன்னு ஆன பின்னாடி?"

"அப்பவும் பார்ட்டிதுதான்."

"அப்ப எங்கம்மா மூஞ்சி யாருது? கூட்டினு போனது நானு. கூலி குடுத்தது நானு. ஸ்டூடியோக்காரன் பதம் பண்ணான், அவ்ளோதான். இதுல 'இது வேறொருவருக்குச் சொந்தமான படம்'னு நீ எழுதுவ, நான் பாத்துனு இருக்கணுமா?"

 எங்கள் பக்கத்தில் வேறு யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சரக்கு ஒருவருடையது, வேலை ஒருவருடையது என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். "கேட்டுச் சொல்றேன்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். வாணியம்பாடி தாண்டும் வரைக்கும் அவர் சொன்னதில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே கனடா நிர்வாகிக்கு எழுதினேன், தோல், கூலி, பார்ட்டி எல்லாவற்றையும் சேர்த்து. என்னைக் கேலி செய்வார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நீளமாகப் பதில் வந்தது. இந்தியச் சட்டத்தைத் தேடிப் பார்த்தாராம். ஒருவர் கேட்டு, அதற்குக் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு பேச்சு எதுவும் பேசிக்கொள்ளாத பட்சத்தில், உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தானாம். 'உங்கள் பார்சல் ஆபீஸ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். நான் கெடுவைத் தள்ளி வைக்கிறேன். ஸ்டூடியோவில் கேட்டு உறுதி செய்யுங்கள்' என்று முடித்திருந்தார்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்ல முடியாது. பார்சல் ஆபீஸ் அண்ணன் நம்பருக்குப் போன் போட்டேன். "நீங்க சொன்னதுதான்ணா சட்டத்துலயும் இருக்குது" என்றேன்.  "எங்க நைனா கைநாட்டுபா" என்றார் அவர். "அவரு சொல்லிக் குடுத்ததுதான் எனக்கு இதெல்லாம்."

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வேலூர் பஜாரில் அந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். இப்போது அதில் பாதி ஜெராக்ஸ் கடை. படம் எடுத்த பெரியவர் தொழிலைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் பழைய படங்கள். நடுவில் டீச்சர், வெயிலில் வெளுத்துப்போய், அதே சிரிப்பு.

"இது எங்கம்மா" என்றார் அண்ணன்.

"டீச்சர் மவனா? வாங்க, வாங்க. பெட்டில பாத்துட்டுத்தான டீச்சர் தவறின பின்னாடி வந்து கேட்டீங்க? ஒரு காப்பி போட்டு அட்டைல ஒட்டிக் குடுத்தேன்."

"ஆமாங்க. அந்த போட்டோ நான் கூட்டினு வந்து எடுத்ததுதான? ரயில்வே மருத்துவ அட்டைக்கு, ஸ்டாஃப் குடும்பத்துக்குக் குடுப்பாங்களே, அதுக்கு. நான்தான் காசு குடுத்தேன். இத மட்டும் இவருகிட்ட சொல்லிடுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"காசு குடுத்தீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அது வேற படம். பாஸ்போர்ட் சைஸு. அட்டைக்குச் சிரிக்கக் கூடாதுன்னு மொறச்சினு உக்காந்திருந்தாங்க டீச்சர். அத எடுத்த ஒடனே நீங்க ஃபாரம் ஜெராக்ஸ் போட வெளிய போய்ட்டீங்க."

"சரி?"

"நான் சும்மா இல்லாம, 'இன்னா டீச்சர், கொஞ்சமாச்சும் சிரிச்சிருக்கலாம்'னேன். 'போப்பா, சிரிச்ச மூஞ்சிய அட்டைல ஒட்னா, ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா போய்ட்டு வான்னு டாக்டர் அனுப்பிடுவான். மருந்து யாரு குடுப்பா?'ன்னாங்க. சொல்லிட்டு அவங்களுக்கே தாங்கல. விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. ஃபிலிம்ல ஒண்ணு மிச்சம் இருந்திச்சு. தட்டினேன். யாரும் கேக்கல, யாரும் காசு குடுக்கல. பெட்டில வெக்கணும்னு நானா எடுத்தது."

அண்ணன் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அம்மா எதற்குச் சிரித்தார் என்பது இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. படம் அவருடையது இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஐயா, இத யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

"யாரு வேணாலும்னா?"

"யாரு வேணாலும்தான். காலண்டர் போடறவங்ககூட."

"அது முடியாதுபா. ஒரு தபா ஒரு கல்யாணப் பொண்ணு போட்டோவ எவனோ எடுத்து ஜவுளிக்கடைப் பையில அச்சடிச்சுட்டான். அந்த ஊட்டு ஆளுங்க வந்து என் சட்டையத்தான் புடிச்சாங்க. டீச்சர நான் எவங்கிட்டயும் விட மாட்டேன். ஒங்க எடத்துல சின்னதா போட்டுக்கறதுன்னா போட்டுக்கோங்க. என் பேரப் போடுங்க."

அண்ணன் முகம் தெளிந்தது. வெளியே வந்ததும் என் தோளில் தட்டினார். "சரிபா. அவரு படம்தான். ஒத்துக்கறேன். அவரு பேரே போடு, சின்னதாவே போடு. அம்மா சிரிச்சினு இருந்தா போதும். இனிமே ஒண்ணும் பேஜார் இல்லல்ல?"

இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நடந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். எல்லாரும் ஒத்துப்போய்விட்ட இடத்தில் நான் ஒருவன் வாயை மூடிக்கொண்டால் போதும். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமான வேலையும்கூட. ஆனால் அவர் பஸ் வந்து நின்றபோது கேட்டுவிட்டேன்.

"அண்ணா, அந்த மருத்துவ அட்டைப் படம் ஊட்ல இருக்குதா?"

"பீரோல ஒரு காப்பி இருக்கும். ஏன்?"

"அது நீங்க கேட்டு, நீங்க கூலி குடுத்து எடுத்தது. சட்டப்படி அது உங்களுதுணா."

"இருக்கட்டும். அதுக்கு?"

"உங்களால தாராளமா குடுக்க முடியுற படம் ஒண்ணு இருக்கும்போது அடுத்தவங்க படத்த நாம வெச்சுக்க முடியாதுணா. வேற வழியே இல்லன்னாத்தான் அந்தச் சலுகை. இப்ப வழி இருக்குது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டார்.

"யோவ், நீ எனக்கு ஜெயிச்சுக் குடுத்தியா, தோக்க வெச்சியா? அந்தப் படத்துல எங்கம்மா யாரையோ அடிக்கப் போறா மாதிரி இருப்பாங்கயா. அதையா ஒலகம் பூரா காட்டணும்?"

"அவங்க மூஞ்சிதானணா."

"நீ வாயத் தொறக்கலன்னா கனடாக்காரனுக்கு எப்டி தெரியும்? அட்டைய வந்து தேடப் போறானா?"

"அமிர்தி அருவிக்கு ஒருத்தரு சூப்பரா படம் போட்டிருந்தாருணா. நான்தான் தூக்கச் சொன்னேன். நீயே போய் எடுக்கலாம், அடுத்தவன் படம் எதுக்குன்னு சொன்னேன். நான் எடுத்த படத்துல தண்ணியே கெடையாது. ஆனா அதான் இருக்குது. அவருக்கு ஒரு நியாயம், எனக்குத் தெரிஞ்ச அண்ணனுக்கு ஒரு நியாயம்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சினு நோட்டீஸ் ஒட்டுவேன்?"

 முழுசாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் ஒரே மூச்சில் பேசினதில்லை. அவர் அடுத்த பஸ்ஸில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டூடியோவில் நடந்ததை உரையாடல் பக்கத்தில் எழுதினேன். அட்டைப் படம் இருப்பதையும் எழுதினேன். சிலர் எனக்கு எதிராகவே எழுதினார்கள். எடுத்தவரே சரி என்று சொன்ன பிறகு உனக்கு என்ன, சிரிக்கிற படம்தானே அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டுகிறது என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். யோசித்துப் பதில் எழுத எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. பெரியவர் சரி சொன்னது நமக்கு மட்டும். நம் பக்கத்தை எடுத்து நாளைக்கு ஒரு பள்ளிக்கூடமோ சபையோ அச்சடித்தால், அவர் சொன்ன சரி அவர்களுக்குப் போய்ச் சேராது. அவர் வேண்டாம் என்றதைச் சுற்றிக்கொண்டு போனதாகிவிடும். மகனுக்கு வேண்டியது அம்மா முகம் அந்தத் தாளில் வருவது. அதற்கு அவர் கையில் இருக்கும் படம்தான் உதவும். இப்படி எழுதினேன். எழுத்துப்பிழையை யாரோ திருத்தினார்கள். கருத்தைத் திருத்தவில்லை. 'நேரில் போய் விசாரித்தவர் நீங்கள். முடிவையும் நீங்களே எழுதுங்கள்' என்றார் கனடா நிர்வாகி.

நான் உடனே எழுதவில்லை. அண்ணன் தாமாக வர வேண்டும் என்று கெடு கேட்டு வாங்கினேன். தினமும் கம்பெனி விட்டதும் பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். ஒன்றும் இருக்காது. போன் போட்டால் எடுக்க மாட்டார்.

"இன்னாணே, லவ் லெட்டருக்குக் காத்துனு இருக்கிறியா?" என்றார் பாய்.

"அப்டித்தான் வெச்சுக்கோ."

"வராதுணே. நான் பாத்திருக்கேன், இந்த மாதிரி மொகம் வெச்சினு வர்றவனுக்கு வந்ததே இல்ல."

வந்தது. கெடு முடியப் போகிற நேரத்தில் புதிதாக ஒரு படம் ஏறியிருந்தது. பெரிய அளவு. வெள்ளைப் புடவை, அதே கண்ணாடி, நேராக வைத்திருந்தார். உதட்டை இறுக்கி, வகுப்பில் யாரோ பேசுகிறார்கள், அது யார் என்று கண்டுபிடிக்கப் போகிறவர் போல முறைத்துக்கொண்டு டீச்சர். கீழே அண்ணன் எழுதியிருந்தார்: 'என் தாயார். இந்தப் படம் நான் கேட்டு, நான் கூலி கொடுத்து, மருத்துவ அட்டைக்காக எடுத்தது. இது எங்களுடையது. யாரும் எடுத்துக்கொள்ளலாம்.' எனக்கென்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

சிரிக்கிற படத்தைக் கடைசியாக ஒரு தடவை திறந்து பார்த்தேன். பிறகு நீக்கலாம் என்று முடிவை எழுதினேன்.  மறுநாள் பார்த்தபோது அது இருந்த இடத்தில் சிவப்பு எழுத்துதான் இருந்தது. அப்படி ஒரு கோப்பு இல்லை என்று அர்த்தம்.

டிசம்பரில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அப்புறம் முதல் தடவை. பின்னால் ஒரே பாட்டுச் சத்தம்.

"எங்க இருக்கிறேன் தெரியுமா? சர்ச்சுல. பாட்டுத் தாளு அடிச்சிருக்காங்க. அந்தப் பக்கத்துல இருந்துதான் எடுத்தாங்களாம். அம்மா போட்டோ போட்டு, பேரு போட்டு. எல்லார் கைலயும் அம்மா மொறச்சினு இருக்காங்கபா."

"பேரு சரியா போட்டிருக்காங்களாணா?"

"ஒன் புத்தி போவாதே. சரியாத்தான் போட்டிருக்கான். பாடறவன்லாம் பயந்துனு ஒழுங்கா பாடறான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம், "அம்மா ஸ்டூடியோல சொன்னாங்களே, டாக்டர் மருந்து குடுக்க மாட்டான்னு. அத அந்தப் பக்கத்துல நான் எழுதிட்டேன். போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதற்கு அச்சில் வந்த ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது, நாங்கள் இரண்டு பேர் கேட்டது, அவ்வளவுதான். அங்கே அது செல்லாது. எடுத்துவிட்டேன். காரணமும் எழுதினேன். அன்று மாலையே என் உரையாடல் பக்கத்தில் அவர் எழுதினார்: 'நீயெல்லாம் மனுஷனா? சரி, ஜோலார்பேட்டைப் பக்கம் வந்தால் வீட்டுக்குச் சாப்பிட வா.'

போன வாரம் போயிருந்தேன். அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தார்கள். சுவரில் டீச்சரின் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன, முறைக்கிறது ஒன்று, சிரிக்கிறது ஒன்று. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அண்ணன் கேட்டார்: "அம்மா எதுக்குச் சிரிச்சாங்கன்னு எங்கதான்யா எழுதி வெக்கறது? ஸ்டூடியோப் பெரியவரு, நீ, நானு, மூணு பேரும் போய்ட்டா அதுவும் போய்டும்."

யாரும் ஆதாரம் கேட்காத ஒரு இடம் வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தத் தாளையும் பேனாவையும் எடுத்தேன். டீச்சர் சொன்னதை ஸ்டூடியோப் பெரியவர் சொன்னபடியே மேலே எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் அது என் எழுத்தில்தான் இருக்கும்.

மாதனூர்,
15-3-2009, ஞாயிற்றுக்கிழமை.